வெள்ளோட்டத்துக்கு அப்பால்

வெள்ளோட்டம் என்னும் சொல்லை அறியாத தமிழ் மாணவர் இரார். புதிதாகச் செய்த தேரைத் திருவிழாவுக்கு முன்னரே வீதியில் இழுத்துப் பார்ப்பதை வெள்ளோட்டம் என்கிறோம். புதுவையின் வடபால், கடலோரத்தில், நான் வாழும் குருசுக்குப்பத்தில் புதுப் படகை முதன்முதலாக அலையில் தள்ளிப் பார்ப்பதும் வெள்ளோட்டமே. மாசி மாதத்து அமைதியான கடலில், கைதேர்ந்த இருவர் ஏறிச் சென்று திரும்பினால், படகு நன்றாக ஓடுகிறது என்று கரையில் நிற்போர் மகிழ்வர். ஆயினும் அந்த ஒரு நாள் ஓட்டத்தை நம்பி, ஐப்பசி மாதத்து வாடையிலே அதே படகை ஆழ்கடலுக்கு அனுப்ப அனுபவமுள்ள எந்தப் பெரியவரும் உடன்படார். பாரம் கூடினால் படகு எப்பக்கம் சாயும், எஞ்சின் நனைந்தால் என்ன ஆகும், எவ்வளவு உயர்ந்த அலையை முகப்பு தாங்கும் என்பவை தெரிந்த பிறகே அவர் தலையசைப்பார்.

வெள்ளோட்டத்துக்கும் அந்தத் தலையசைப்புக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். படகை விட்டுவிடுவோம். ராக்கெட்டு, விமானம், மருத்துவக் கருவி முதலிய இயந்திரங்களின் உள்ளே குடிகொண்டிருக்கும் கணிப்பொறிகளும், அவற்றுக்கு மனிதர் எழுதிக் கொடுக்கும் ஆணைகளும் அத்தூரத்தைக் கடந்த வரலாறு நம் நாட்டிலும் உண்டு. பிற நாடுகளிலும் உண்டு. அது சுமார் நாற்பது ஆண்டுகளுக்குள் அடங்கிய வரலாறுதான். அதன் பக்கங்கள் சிலவற்றில் மனித உயிர்களின் கணக்கும் எழுதப்பட்டிருக்கிறது.

மாணவர்கள் அறிந்த கணிப்பொறிக்குத் திரை உண்டு; எழுத்துகளைத் தட்டும் பலகை உண்டு. நான் சொல்லும் கணிப்பொறிக்கு இவை இரண்டும் இல்லை. அது இயந்திரத்தின் வயிற்றுக்குள் மறைந்திருக்கும். சுற்றுப்புறத்தை உணரும் கருவிகள் அனுப்பும் எண்களை வாங்கிக்கொண்டு, கணக்கிட்டு, இந்த வால்வைத் திற, அந்தச் சிறகை அசை என்று நொடிக்குப் பல தடவை கட்டளையிடும். அதற்குரிய ஆணைத் தொகுதியை மென்பொருள் என்கிறோம்.

இம்மென்பொருளின் இயல்பு ஒன்றை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். இரும்பு துருப்பிடிக்கும், மரம் உளுத்துப் போகும், மென்பொருளுக்கு அவ்வகைத் தேய்மானம் கிடையாது. அதில் ஒரு குற்றம் இருந்தால், அது எழுதப்பட்ட நாளிலிருந்தே இருக்கிறது. வெளிப்படுவதற்கு உரிய வேளையை எதிர்பார்த்துக் கிடக்கிறது. மற்றொன்றையும் கவனியுங்கள். ஒரு பாலத்தின் மீது 10 டன் பாரம் ஏற்றிப் பார்க்கிறோம், 20 டன்னும் ஏற்றிப் பார்க்கிறோம், இரண்டையும் தாங்குகிறது. இடையிலுள்ள 15 டன்னைத் தாங்குமா என்று எவரும் ஐயுறுவதில்லை. மென்பொருளில் இந்த ஆறுதலுக்கு இடமில்லை. 32,767 வரை செம்மையாகக் கணக்கிட்ட ஒரு நிரல், 32,768 வந்ததும் முற்றிலும் பிழையான விடையைத் தரக்கூடும். ஏன்? பேருந்தில் கிலோமீட்டரைக் காட்டும் சிறு கருவியைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஐந்து இலக்கங்களுக்கே இடம் இருக்குமானால், 99,999க்கு அடுத்த கிலோமீட்டரில் அது 00000 என்று காட்டும். வண்டி புதிதாகிவிட்டது என்று அதன் பொருள் அன்று. எண்ணுக்கு இடம் போதவில்லை என்பதே பொருள். கணிப்பொறியிலும் ஒவ்வோர் எண்ணுக்கும் இத்தனை இடம் என்ற வரையறை உண்டு. இந்தச் சிறு செய்தியை மறவாதிருங்கள். இனி வரும் மூன்று நிகழ்ச்சிகளிலும் எல்லை கடந்த ஓர் எண்ணே நம்மை எதிர்கொள்ளும்.

முதல் நிகழ்ச்சி நம் சோழமண்டலக் கரையிலேயே, புதுவைக்கு வடக்கே, ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்தது. 1993 செப்டம்பர் 20ஆம் நாள் பி.எஸ்.எல்.வி. என்னும் புதிய ராக்கெட்டு அங்கிருந்து முதன்முறையாகப் புறப்பட்டது. 44 மீட்டர் உயரம்; நான்கு அடுக்குகள். பூமியை ஆராயும் ஐ.ஆர்.எஸ்.-1இ என்ற செயற்கைக் கோளை அது சுமந்து சென்றது. இரண்டாம் அடுக்கில் இருந்தது விகாஸ் என்னும் எஞ்சின். பிரெஞ்சு நாட்டின் வைக்கிங் எஞ்சினிலிருந்து பிறந்தது அது. முதல் அடுக்கு எரிந்து கழன்றது. இரண்டாம் அடுக்கும் எரிந்து முடிந்தது. அது பிரிந்த தறுவாயில் ராக்கெட்டுக்குப் பெரியதோர் உலுக்கல் நேர்ந்தது. உலுக்கலைச் சரிசெய்யக் கணிப்பொறி இட வேண்டிய கட்டளையின் அளவு, வகுத்து வைத்த உச்ச எல்லையைத் தாண்டியது. அவ்வாறு தாண்டினால் மட்டுமே தலைகாட்டக்கூடிய ஒரு பிழை மென்பொருளில் இருந்தது. அன்று அது தலைகாட்டிற்று. ராக்கெட்டு நிலை தவறியது. செயற்கைக் கோள் வங்கக் கடலில் வீழ்ந்தது.

ராக்கெட்டின் பெரும் உறுப்புகள் யாவும் தத்தம் வேலையைச் செய்தன என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். பல டன் எரிபொருளைக் கட்டியாண்ட கலை தோற்கவில்லை. ஓர் எண்ணின் எல்லையைக் காத்துக்கொள்ளாத சில வரிகளே தோற்றன. உலுக்கல் சற்றுக் குறைவாக இருந்திருந்தால், அப்பிழை அன்றும் உறங்கியிருக்கும். ராக்கெட்டு வெற்றி பெற்றது என்று நாடு கொண்டாடியிருக்கும். பிழையோ அடுத்த ராக்கெட்டிலும் ஏறியிருக்கும். இஸ்ரோ காரணத்தைக் கண்டறிந்தது, அதை மறைக்காமல் வெளியிட்டது, குற்றத்தைக் களைந்தது. 1994 அக்டோபர் 15ஆம் நாள் இரண்டாம் பி.எஸ்.எல்.வி. தன் கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. இந்த ராக்கெட்டுகளின் பெயரில் ஒரு நுட்பம் உண்டு. முதல் மூன்றும் டி-1, டி-2, டி-3 என்று பெயர் பெற்றன. அந்த எழுத்து, வளர்ச்சிப் பருவத்துச் சோதனை என்பதைக் குறிக்கும். 1997 செப்டம்பரில் பறந்த நான்காவதுக்குத்தான் சி-1 என்று பெயரிட்டு, பணிக்கு வந்த ராக்கெட்டுகளின் வரிசையைத் தொடங்கினர். பெயரிலேயே தம் அடக்கத்தை எழுதி வைத்த அந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

இரண்டாவது நிகழ்ச்சிக்குக் கடல்கள் பல கடந்து செல்ல வேண்டும். தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானா என்றொரு நிலப்பகுதி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுவை, காரைக்கால் துறைகளிலிருந்து கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளுள் ஒரு சாரார் போய்ச் சேர்ந்த இடம் அது. அங்கே கூரு என்னுமிடத்திலுள்ள ஏவுதளத்திலிருந்து 1996 ஜூன் 4ஆம் நாள் ஐரோப்பியரின் ஏரியன்-5 ராக்கெட்டு முதன்முறையாகக் கிளம்பியது. நான்கு ஆராய்ச்சிக் கோள்கள் அதில் இருந்தன. நாற்பது நொடிகூட ஆகவில்லை; ராக்கெட்டு திசை திரும்பி, உடைந்து, வானிலேயே வெடித்துச் சிதறியது.

கணித அறிஞர் ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் அமைந்த குழு ஒன்றரை மாதத்துக்குள் காரணத்தைத் தெளிவுபடுத்தியது. ராக்கெட்டு எத்திசையில் சாய்ந்து செல்கிறது என்பதை உணர்த்தும் கருவியின் மென்பொருளை, முந்திய ஏரியன்-4 ராக்கெட்டிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டிருந்தனர். ஏரியன்-4இல் அது பல தடவை குற்றமின்றி ஓடிய மென்பொருள். ஆனால் ஏரியன்-5 அதனினும் வேகமாகக் கிடைத்திசையில் முன்னேறும் ராக்கெட்டு. அந்த வேகத்தோடு தொடர்புடைய ஒரு பெரிய எண்ணைச் சிறிய இடத்துக்குள் மாற்றி எழுத மென்பொருள் முயன்றது. 32,767க்கு மேற்பட்ட எதற்கும் அங்கே இடமில்லை. கருவி தன் பணியை நிறுத்திவிட்டது. மாற்றுக் கருவி ஒன்று இருந்ததே என்பீர்கள். இருந்தது; அதிலும் அதே மென்பொருள்; ஆதலின் அதுவும் அதே காரணத்தால், ஒரு நொடியின் சிறு பின்னத்துக்கு முன்னரே ஓய்ந்து போயிருந்தது.

இதில் என் உள்ளத்தை உறுத்தும் பகுதி வேறு. அவ்வாறு இடம் போதாமற்போகக்கூடிய எண்கள் ஏழு இருந்தன. அவற்றுள் நான்குக்குக் காப்பு எழுதியிருந்தனர். மூன்றைக் காப்பில்லாமல் விட்டனர். அது மறதியால் நேர்ந்ததன்று. கணிப்பொறியின் வேலைச்சுமை 80 விழுக்காட்டுக்கு மேற்போகலாகாது என்ற விதி இருந்தது. அம்மூன்று எண்களும் எல்லையை எட்டமாட்டா என்று எண்ணிப் பார்த்தே விட்டிருந்தனர். ஏரியன்-4ஐப் பொறுத்தவரை அந்த எண்ணம் சரியே. ஆனால் அந்த நியாயம் மென்பொருளின் வரிகளுக்கு அருகே எழுதி வைக்கப்படவில்லை. பின்னர் வந்தவர்கள் வரிகளைப் பெற்றார்கள். அவ்வரிகள் எந்த நிபந்தனைக்கு உட்பட்டு உண்மையாயின என்பதைப் பெறவில்லை. இன்னும் வியப்பு யாதெனின், வெடிப்புக்குக் காரணமான அக்கணக்கு ராக்கெட்டு தரையை விட்டு எழுந்த பிறகு ஏரியன்-5க்குத் தேவையே இல்லாதது. பழைய ராக்கெட்டின் வசதிக்காக வைத்திருந்ததை எடுத்துவிடாமல் ஓடவிட்டிருந்தனர்.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளிலும் பொருள் நட்டமே நேர்ந்தது, எவரும் மாளவில்லை. மூன்றாவது நிகழ்ச்சி காலத்தால் முந்தியது. அதில் நோயாளிகள் துன்புற்றார்கள். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் தெராக்-25 என்ற கருவியைக் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று செய்து விற்றது. அதன் முன்னோடியான தெராக்-20ஐ அந்நிறுவனம் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தோடு கூடி உருவாக்கியிருந்தது. பழைய கருவியில், கதிர் மிகுதியாகப் பாயாமல் தடுக்க மின்சாரத்தாலும் இயந்திர அமைப்பாலும் ஆன தடைகள் இருந்தன. மென்பொருள் அங்கே உதவியாள் மட்டுமே. புதிய கருவியில் அத்தடைகளை எடுத்துவிட்டு, காவல் முழுவதையும் மென்பொருளிடம் ஒப்படைத்தனர். உதவியாளாக நன்கு உழைத்தவனைத் தனிக்காவலனாக நிறுத்தியது போன்றது இது. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை, அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆறு நோயாளிகளின் மேல் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுப் பாய்ந்தது. சிலர் அதனாலேயே மாண்டனர்.

அக்குற்றங்களுள் ஒன்று நம் கிலோமீட்டர்க் கருவியே. ஒவ்வொரு சோதனைச் சுற்றிலும் ஒன்று கூடும் ஓர் எண்ணுக்கு 255 வரையில்தான் இடம் இருந்தது. ஆகவே 256ஆம் தடவைதோறும் அது சுழியாகும். சுழி என்றால், ஐயப்பாடு ஒன்றுமில்லை, மேலே செல்லலாம் என்று அந்த நிரலுக்குப் பொருள். அந்த ஒரு கணத்தில் கருவியை இயக்குபவர் பொத்தானை அழுத்தினால் காவல் திறந்துவிடும். மற்றொரு குற்றம், விரைவாகத் தட்டப் பழகிய கைகளுக்கு மட்டுமே அகப்பட்டது. மெல்லத் தட்டிச் சோதித்தவர்களுக்கு அது தென்படவே இல்லை. பழைய தெராக்-20இலும் அதே குற்றம் இருந்ததாம். அங்கே அது ஃபியூசை எரித்ததோடு நின்றது, நோயாளியைத் தீண்டவில்லை. ஆகவே பல ஆண்டுகள் ஓடிய மென்பொருள் என்ற நற்சான்று, உண்மையில் அந்தப் பழைய தடைகளுக்கு உரிய நற்சான்றாகும். அம்மென்பொருளைப் பெரும்பாலும் ஒருவரே எழுதினார். எழுதிய காரணங்களைப் பற்றிய குறிப்புகளும் மிகச் சொற்பம்.

இத்தகைய அனுபவங்களிலிருந்தே புதிய ஒழுங்குமுறைகள் பிறந்தன. பயணிகள் விமானங்களில் ஏற்றும் மென்பொருளுக்கு 1982இல் முதல் வழிகாட்டி நூல் அமெரிக்காவில் வெளிவந்தது. 1992இலும் 2011இலும் அது திருத்தி விரிக்கப்பட்டது. டி.ஓ.-178 என்பது அதன் பெயர். இந்த மென்பொருள் பிழைபட்டால் என்ன ஆகும் என்பதே அது முதலில் கேட்கும் கேள்வி. விமானமே வீழும் என்றால் அது முதல் வகுப்பு. பயணிகளுக்கு ஒரு சிறு வசதிக் குறைவு மட்டும் என்றால் அது கீழ் வகுப்பு. வகுப்புக்கு ஏற்பக் கண்டிப்பு ஏறும். மேல் வகுப்பில், ஒவ்வொரு வரியும் எழுதப்பட்ட எந்தத் தேவைக்காக வந்தது என்று காட்ட வேண்டும். காரணம் காட்ட முடியாத வரிக்கு அங்கே இடமில்லை; ஏரியன்-5இன் தேவையற்ற கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முடிவு எத்தனை நிபந்தனைகளைப் பொறுத்ததோ, அத்தனை நிபந்தனைகளும் தனித்தனியே அம்முடிவை மாற்றுகின்றனவா என்று சோதித்துக் காட்ட வேண்டும். எழுதியவரே தம் எழுத்துக்குத் தீர்ப்பளிக்கவும் கூடாது. பள்ளி ஆசிரியர்களுக்கு இது புதிய செய்தி அன்று. ஆண்டு முழுவதும் தாமே கற்பித்த மாணவனின் விடைத்தாளை, பொதுத் தேர்வில் அந்த ஆசிரியரிடமே திருத்தத் தருவதில்லை. அவர் நேர்மையற்றவர் என்பதாலன்று. மாணவன் எழுதாமல் விட்டதையும் அவர் கண் தானே நிரப்பிப் படித்துவிடும்.

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். தேஜஸ் என்னும் இலகு ரகப் போர் விமானத்தைக் கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள சூலூரில் வாழும் மாணவர்கள் தலைக்கு மேலே பார்த்திருப்பார்கள். இவ்விமானத் திட்டத்துக்கு 1983இல் அரசு ஒப்புதல் தந்தது. மறு ஆண்டில் பெங்களூரில் விமான வளர்ச்சி முகமை நிறுவப்பட்டது. டாக்டர் கோட்டா ஹரிநாராயணா இத்திட்டத்துக்குத் தலைமை தாங்கினார். விமானத்தின் உருவரையைத் தீட்டும் பணியில் பிரெஞ்சு நாட்டின் தஸ்ஸோ நிறுவனம் ஆலோசனை கூறியது.

தேஜஸ் விமானத்துக்கு ஓர் அதிசய குணம் உண்டு. அது தானாக நிலைத்து நிற்காத விமானம். சாதாரண விமானத்தைக் காற்று சற்று ஆட்டினால், அது தானே பழைய நிலைக்குத் திரும்பும் வகையில் அமைத்திருப்பர். தேஜசையோ, விரைந்து திரும்பிப் போரிட வேண்டும் என்பதற்காக, அவ்விதம் திரும்பாதவாறு வேண்டுமென்றே அமைத்தனர். உள்ளங்கையில் ஒரு கோலைச் செங்குத்தாக நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். கோல் சாயச் சாயக் கை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் கோல் வீழும். தேஜஸ் அந்தக் கோல். அதன் கணிப்பொறியே கை. விமானி தன் பிடியை அசைத்தால், அந்த அசைவு நேராகச் சிறகுக்குப் போவதில்லை. கணிப்பொறிக்கு விண்ணப்பமாகப் போகிறது. கணிப்பொறி ஒரு நொடி தடுமாறினாலும், விமானியின் திறமையால் அதை ஈடுசெய்ய முடியாது. ஆதலின் நான்கு வழிகளில் ஒரே கணக்கைச் செய்து, தம்முள் ஒப்பிட்டு, மாறுபட்டதை ஒதுக்கிவிடும் அமைப்பை வைத்தனர். ஒரு வழி பழுதானாலும் மற்றவை காக்கும். ஆனால் நால்வருக்கும் பிழையான பாடத்தையே சொல்லிக் கொடுத்திருந்தால், நால்வரும் ஒருமித்துப் பிழையான விடையையே கூறுவர் என்பதைக் கூருவில் நடந்தது மெய்ப்பித்துவிட்டது. ஆகவே பாடத்தைத்தான் சரிபார்க்க வேண்டும்.

விமானம் எந்நிலையில் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்னும் விதிகளை வகுக்கும் பொறுப்பை 1990களின் தொடக்கத்தில் பெங்களூர் தேசிய விண்வெளிப் பொறியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த குழு ஏற்றது. இது எளிய காரியம் அன்று என்பதற்கு அக்காலத்திலேயே சான்று இருந்தது. ஸ்வீடன் நாட்டின் கிரிப்பன் விமானமும் இத்தகையதே. அதன் முதல் மாதிரி 1989 பிப்ரவரி 2ஆம் நாள், தன் ஆறாம் பறத்தலில், தரையிறங்கும்போது புரண்டு நொறுங்கியது. ஐந்து தடவை பத்திரமாக இறங்கிய விமானம் அது. விமானியின் கையும் கணிப்பொறியின் கணக்கும் ஒன்றையொன்று துரத்தி ஊசலாடியதே காரணம். விமானி உயிர் பிழைத்தார். குறையைத் திருத்தினர். 1993 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் நகரத் திருவிழாவில், பெருங்கூட்டத்தின் கண்ணெதிரே, மற்றொரு கிரிப்பன் அதே வகைத் தடுமாற்றத்தால் வீழ்ந்தது. தெய்வாதீனமாக எவரும் மாளவில்லை.

இந்தப் பின்னணியில், நம்மவர் என்ன செய்தனர்? தேஜசின் முதல் மாதிரி விமானம் 1995 நவம்பர் 17ஆம் நாள் பணிமனையிலிருந்து வெளியே உருட்டி வரப்பட்டது, மக்கள் கண்டனர், படம் எடுத்தனர். ஆனால் அது பறக்கவில்லை. ஓராண்டு கழிந்தது, இரண்டாண்டு, மூன்றாண்டு கழிந்தது, பறக்கவில்லை. இறக்கை உண்டு, எஞ்சின் உண்டு, பறக்கத்தான் மனமில்லை என்று கேலி பேசியவர்கள் பலர். அந்த ஆண்டுகளில் நடந்த பணி புகைப்படத்துக்குள் அடங்காதது. பறக்கும் விதிகளைத் தரையிலுள்ள போலி விமானி அறையில் சோதித்தனர். 1996இல் அமெரிக்காவில், எஃப்-16 விமானம் ஒன்றின் கணிப்பொறியை மாற்றி அமைத்து, அதைத் தேஜஸ் போலவே நடக்கச் செய்து, நம் விமானிகள் வானில் ஓட்டிப் பார்த்தனர். இரும்புப் பறவை என்னும் அமைப்பு பெங்களூரில் இயங்கியது. விமானத்தின் சிறகுகளை அசைக்கும் மெய்யான எண்ணெய் அழுத்தக் கருவிகளும், மெய்யான கணிப்பொறிகளும் தரையோடு பிணைக்கப்பட்ட ஓர் எலும்புக்கூட்டில் பொருத்தப்பட்டிருக்கும். பறப்பது ஒன்றுதான் அதில் பொய். அங்கே ஒரு கம்பியை வெட்டிப் பார்க்கலாம். ஒரு கருவியைப் பொய் சொல்ல வைக்கலாம். இரண்டு பழுதுகளை ஒரே கணத்தில் உண்டாக்கலாம். வானில் ஒருவர் உயிரைப் பணயம் வைத்தன்றிக் கேட்க முடியாத கேள்விகளைத் தரையில் கேட்டுவிடலாம்.

1998 மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுகுண்டுச் சோதனை நடத்தியது. உடனே அமெரிக்க அரசு தடை விதித்தது. பறத்தல் கட்டுப்பாட்டு அமைப்பில் துணையாயிருந்த அமெரிக்க நிறுவனத்தின் உதவி அறுந்தது. அங்கே பணியாற்றிய நம் பொறியாளர்கள் நாடு திரும்ப நேர்ந்தது. எஞ்சிய சோதனைகளை நம்மவர் தாமே செய்து முடித்தனர். அதனால் காலம் நீண்டதை மறுக்க இயலாது. ஆனால் கண்டுபிடித்த ஒவ்வொரு குறைக்கும் காரணத்தைத் தாமே தேடி எழுத வேண்டியிருந்தமையின், தம் மென்பொருளைத் தாமே முற்றும் அறிந்தவர்கள் நாட்டிலேயே உருவானார்கள். இரவல் வாங்கிய மென்பொருளோடு அதன் நிபந்தனைகள் வருவதில்லை என்பதை ஏரியன் கதையில் கண்டோம்.

2001 ஜனவரி 4ஆம் நாள், விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் பெங்களூரில் அவ்விமானத்தை வானில் செலுத்தி, 18 நிமிடம் பறந்து, பத்திரமாக இறக்கினார். ஐந்தாண்டுக் காத்திருப்புக்கு 18 நிமிடப் பறத்தல்! ஆனால் இது வெள்ளோட்டந்தானே? தொழில்நுட்பத்தைக் காட்ட இரண்டு விமானங்கள், பிறகு முன்மாதிரிகள், பிறகு அளவோடு செய்த சிறு வரிசை, பிறகே படைக்கு உரிய வரிசை என்று படிகள் பல கடக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு படியிலும் வேகம், உயரம், மூக்கை நிமிர்த்தும் கோணம் ஆகியவற்றின் எல்லையைச் சிறிது சிறிதாக விரித்தனர். ஒவ்வொரு விரிவுக்கும் மென்பொருளில் திருத்தம். அச்சான புத்தகத்தில் ஒரு பிழையைத் திருத்தினால் மற்றப் பக்கங்கள் மாறுவதில்லை. மென்பொருளில் ஒரு வரியை மாற்றினால், அதைத் தொட்ட மற்ற வரிகள் எவை என்று தேடி, முன்பு தேறிய சோதனைகளையும் மறுபடி எழுத வேண்டும். மக்கள் கண்ணுக்கு, ஓடிய இடத்திலேயே ஓடுவதுபோல் அது தோன்றும். படையில் இயங்கத் தகுதியுடையது என்ற தொடக்க அனுமதி 2013 டிசம்பரிலும், இறுதி அனுமதி 2019 பிப்ரவரியிலும் கிடைத்தன. 2016இல் பெங்களூரில் தொடங்கிய முதல் தேஜஸ் படைப்பிரிவு 2018இல் சூலூருக்கு வந்து சேர்ந்தது.

அத்தனை தாமதமும் பாதுகாப்பின் பொருட்டே என்று நான் வாதிட வரவில்லை. உள்நாட்டில் செய்ய முயன்ற காவேரி எஞ்சின் உரிய காலத்தில் கைகூடவில்லை. படையின் தேவைகளும் இடையிடையே மாறின. ஆயினும் 1995க்கும் 2001க்கும் இடைப்பட்ட ஆண்டுகளை வீண் என்று எழுதுவோர், கிரிப்பனின் ஆறாம் பறத்தலை அறியாதவர் என்றே கருதுகிறேன். முதல் பறத்தல் தொடங்கி 23 ஆண்டுகள் ஒரு தேஜஸ் விமானமும் வீழவில்லை. 2024 மார்ச் 12ஆம் நாள் ஜெய்சால்மர் அருகே ஒன்று வீழ்ந்தது; விமானி குதித்துத் தப்பினார். 2025 நவம்பர் 21ஆம் நாள் துபாய்க் கண்காட்சியில் மற்றொன்று வீழ்ந்தபோது விமானி உயிர் துறந்தார். ஒரு விமானம் வீழ மென்பொருள் அல்லாத காரணங்கள் எத்தனையோ உள; ஆதலின் அவ்விரண்டையும் இக்கதையின் கணக்கில் எழுத நான் துணியேன்.

மென்பொருள் பிழையால் முதல் பி.எஸ்.எல்.வி. வீழ்ந்து முப்பது ஆண்டுகள் ஆன 2023இல், அதே ஸ்ரீஹரிகோட்டாவில் வேறொரு வெள்ளோட்டம் நடந்தது. மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தில், ராக்கெட்டில் ஆபத்து நேர்ந்தால் உள்ளே இருப்பவர்களைப் பிரித்துக் காக்கும் அமைப்பைச் சோதிக்க வேண்டியிருந்தது. அக்டோபர் 21ஆம் நாள் காலை, விகாஸ் எஞ்சின் பொருத்திய சிறிய ராக்கெட்டின் மேல், ஆளில்லாத கலம் ஒன்று நிறுத்தப்பட்டது. வானிலையால் நேரம் சற்றுத் தள்ளிப் போயிற்று. நாடெங்கும் மாணவர்கள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, இறங்கு வரிசையில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். புறப்பட ஐந்தே நொடிகள் இருக்கையில், கண்காணிப்பில் ஒரு முரண்பாட்டைக் கண்ட கணிப்பொறி, எவர் அனுமதியையும் எதிர்பாராமல் எண்ணிக்கையை நிறுத்திவிட்டது.

பலருக்கு ஏமாற்றம். எனக்கோ, அன்றைய நிகழ்ச்சியுள் மிக நன்றாக நடந்தது அதுவே என்று பட்டது. ஐயம் தோன்றினால் நில் என்று எவரோ முன்கூட்டியே சிந்தித்து எழுதி, வேறு எவரோ அதைச் சோதித்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அந்த வரி தன் வேளை வந்ததும் வேலை செய்தது. பொறியாளர்கள் முரண்பாட்டை ஆராய்ந்து, காரணத்தைக் கண்டு, சரிசெய்தனர். காலை 10 மணிக்கு ராக்கெட்டு கிளம்பியது. கலம் உரிய இடத்தில் பிரிந்து, பாராசூட்டுகள் விரிய, வங்கக் கடலில் இறங்கியது. கடற்படையினர் அதைத் தேடிச் சென்று மீட்டனர்.